நோலாவின் இரண்டரைப் பக்கம்

எங்கள் யாரம்பூல் எழுத்தாளர் வட்டத்தில் பதினோரு வருஷமாக ஒரு சட்டம் இருக்கிறது. யாருடைய எழுத்தை அன்றைக்குக் கூறு போடுகிறோமோ, அவர்தான் எல்லாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். கூறு போட்டு முடிகிற வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. தலைவி ரோசலிண்ட் பீக் மெல்போர்னில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், திரும்பி வரும்போது கொண்டுவந்த சட்டம் இது. எழுதியவரைப் பேச விட்டால் தன் எழுத்துக்கு வக்காலத்து வாங்குவாராம், வக்காலத்து வாங்குகிறவர் வளர மாட்டாராம். இந்தச் சட்டத்தின்படி பதினோரு வருஷமாக வளர்ந்து வருகிறோம். ஒருவரும் இன்னும் ஒரு கதையை முடிக்கவில்லை.

ரோசலிண்ட் மட்டும் முடித்தார். சொந்தச் செலவில் அச்சடித்த அவருடைய நாவல் பெட்டி பெட்டியாக அவர் கார் கொட்டகையில் இருக்கிறது. கார் வெளியே வெயிலில் நிற்கிறது.

அடுத்தது நெவில் டோசர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். எழுத்தையும் அவர் அளக்கத்தான் செய்வார். எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணி, "'மிகவும்' நாலு தடவ" என்று தீர்ப்புச் சொல்வார். பிறகு ஃபிலிப்பா. அவருக்கு எல்லாவற்றிலும் வாசனை வேண்டும். தற்கொலைக் குறிப்பைக் கொடுத்தால்கூட, "இங்க என்ன வாசன அடிக்குது?" என்பார். இன்னும் மூன்று பேர் உண்டு. மற்றவர் சொன்னதற்கு "அதேதான்" என்பது அவர்கள் வேலை.

ஏழாவது ஆள் நான், லெஸ்டர். மாவட்டச் செய்தித்தாளில் முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் எழுதியதைத் திருத்தியே காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவல் தொடங்கினேன். ஒரு குடிகாரன் தன் கதையைத் தானே சொல்வதுபோல் ஆரம்பித்தது அது. குடிகாரன்மேல் வாசகருக்கு இரக்கம் வராது என்றார் ரோசலிண்ட். அவனைக் கால்நடை மருத்துவன் ஆக்கினேன். 'நான்' அதிகம் என்றார் நெவில், 'அவன்' ஆக்கினேன். பதினான்காம் திருத்தத்தில் அவன் ஒரு நல்ல மனிதனாகி, யூக்கலிப்டஸ் வாசனையோடு நடமாடிக்கொண்டிருக்கிறான். எனக்கும் அவனுக்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலாவது பரவாயில்லை, குரங்குக்கு உயிர் இருக்கும்.

மார்ச் மாதம் முதல் வியாழக்கிழமை, நூலகத்தின் பின்னறைக்கு நோலா ஸ்க்யூஸ் வந்தாள். கையில் ஒரு தட்டு பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி, ஒரு பள்ளிக்கூட நோட்டு. அவளைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். டார்னக் ஓடையில் நடந்ததும் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பரில், திடீர் வெள்ளத்தில் அவள் பேருந்து ஓடையைக் கடக்கும்போது நடுவில் நின்றுபோனது. பின்கதவு வழியாகப் பிள்ளைகளைக் கரையேற்றினாள். கெய்லி கவுட்ஸ் என்ற எட்டு வயதுப் பெண் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டாள். பேருந்து புரண்டது. விசாரணையில் நோலாமேல் குற்றமில்லை என்று முடிவானது.

"எனக்கு எழுத வராதுங்க. பஸ்ஸு ஓட்ட வரும்," என்றாள். "அக்டோபர்ல ஓடை மேல புதுப் பாலம் திறக்கறாங்க. கெய்லி பேரு வைக்கறாங்க. அன்னைக்கு நடந்தத நான் எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு அவ அம்மா லொரேன் கேக்கறா. இத்தன வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். தப்பா சொல்லிடக் கூடாது. அதான் வந்தேன்."

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றார் ரோசலிண்ட். ஆடு தானாக வந்து கசாப்புக் கடையில் வழி கேட்டது.

நோலா நோட்டைத் திறந்து வாசித்தாள். இரண்டரைப் பக்கம், பென்சிலில் எழுதியது.

"தண்ணி மஞ்சளா இருந்துச்சு. ரோடு எங்கன்னு எனக்குத் தெரியும், ஆறு வருஷமா ஓட்டுற ரோடு. தெரியும்னு நெனச்சேன். அப்புறம் முன் சக்கரம் எறங்குச்சு. அப்புறம் பிள்ளைங்க பாட்ட நிறுத்திட்டாங்க." இப்படியே போனது. என் கையில் மயிர் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, சிலிர்த்தது. செய்தித்தாளில் இருந்த அத்தனை வருஷத்தில் ஐந்தாறு முறைதான் அப்படி ஆகியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இப்படி வந்தது: "அப்புறம் கரையில எண்ணினேன். பதினெட்டு. பத்தொம்போதுன்னு சொன்னேன். திரும்ப அந்தத் தண்ணிக்கு என் காலு போகல."

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அந்த நிமிஷம் யாராவது ஒருவர் "போதும்மா, இதையே படி" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். ரோசலிண்ட் கெட்டிலை அவளிடம் நீட்டினார்.

நோலா ஊற்றத் தொடங்கினாள். நாங்களும் தொடங்கினோம்.

"'அப்புறம்' ஒம்போது தடவ," என்றார் நெவில்.

"மஞ்சத் தண்ணின்னு சொல்றீங்க. ஆனா எனக்கு வாசன வரலியே," என்றார் ஃபிலிப்பா. "ஈர மண்ணு? டீசல்? பயத்துக்குன்னு ஒரு வாசன உண்டு."

"உணர்ச்சியச் சொல்லக் கூடாது, காட்டணும்," என்றார் ரோசலிண்ட். "அப்புறம் முடிவு. கால் போகலன்னு முடிச்சா எப்படி? பாலம் திறக்கற விழா அது. ஜனங்க நம்பிக்கையோட வீட்டுக்குப் போகணும்."

"அதேதான்," என்றார்கள் மூன்று பேர்.

என் முறை வந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில் பேருந்தில் பத்தொன்பது பிள்ளைகள் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் பதினெட்டு. "இங்க எண் ஒத்துப்போகல நோலா. மொதல்ல பத்தொம்போது, பின்னால பதினெட்டு, அடுத்த வாக்கியத்துல மறுபடி பத்தொம்போது. படிக்கறவங்க குழம்புவாங்க," என்று சொல்லி, பதினெட்டை அடித்தேன். "எண்ணினேன், பத்தொம்போது. அவ்ளோதான்."

நோலா கெட்டிலைச் சாய்த்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனாள்.

ஏழு மாதம் இது நடந்தது. மாதம் ஒரு பிரதி. அவளும் பேருந்து ஓட்டிய நாளில் நேரம் தவறாமல் வந்ததுபோலவே வந்தாள், ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு ஸ்கோனோடு. சொன்னதையெல்லாம் செய்தாள். எழுதத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரியாத ஏழு பேர் சேர்ந்து, ஆடத் தெரிந்தவளைப் பிடித்து வைத்து அவள் காலைக் கோணல் என்றோம்.

ஏழாம் பிரதி இப்படித் தொடங்கியது: "காயம்பட்ட மிருகத்தைப் போல வெள்ளம் உறுமியது. ஈர மண்ணின் வாசமும் டீசலின் நெடியும் காற்றில் கலந்திருந்தன." நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். டார்னக் ஓடை உறுமி ஒருநாளும் கேட்டதில்லை. அது வெள்ளத்தில்கூடச் சத்தம் போடாமல்தான் வரும், அதனால்தான் அது ஆளைக் கொல்லும். இதை நான் வட்டத்தில் சொல்லவில்லை. 'உறுமியது' நல்ல வினைச்சொல் என்று எல்லாரும் பாராட்டியபோது, நானும் "அதேதான்" என்றேன். முடிவில் ஒரு வானவில் வந்திருந்தது. அது ரோசலிண்ட் கொடுத்த வானவில்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலை, நோலா என் வீட்டுக்கு வந்தாள். கண் சரியாகத் தெரியாததால் ஏழாம் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னாள். நான் சமையலறை மேஜையில் கணினியைத் திறந்தேன்.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும் லெஸ்," என்றாள்.

"எதுக்கு?"

"அந்தப் பதினெட்ட அடிச்சதுக்கு. மத்தவங்க யாருக்கும் புரியல. உங்களுக்கு மட்டும் புரிஞ்சுது. லொரேன்கிட்ட இத சொல்லாத, அவளால தாங்க முடியாதுன்னு என்கிட்ட நேராச் சொல்லாம, பேனாவால சொல்லிட்டீங்க. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதுக்கப்புறம் தூங்கல, அது வேற விஷயம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நோலா, அங்க எண் தப்பா இருந்துச்சு. அதான் திருத்தினேன்."

"தப்பா?"

"மொத பக்கத்துல பத்தொம்போது..."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "வாயத் தெறக்கக் கூடாதுன்னு உங்க சட்டம். அதனால உங்க மூஞ்சியப் பாத்து, இத எடுத்துரட்டுமான்னு கண்ணாலயே கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். தலையாட்டியது ஞாபகம் இருந்தது. சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிறாள் என நினைத்தேன்.

பிறகு அவள் சொன்னாள். கரையில் எண்ணினாள், பதினெட்டு. ஹோகன் வீட்டு இரட்டையர்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஒருவேளை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. மறுபடி எண்ணினாள், பதினெட்டு. கயிறு பிடித்துக்கொண்டிருந்த விவசாயி ஸ்டான், எல்லாரும் இருக்கிறார்களா என்று கத்திக் கேட்டார். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்றால் திரும்ப இறங்க வேண்டும், இறங்க வேண்டியவள் அவள்தான். "பத்தொம்போது" என்றாள். பேருந்து உடனே புரளவில்லை. நான்கு நிமிஷம் நின்றது. விசாரணையில் ஸ்டான், டிரைவர் பத்தொன்பது எண்ணியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

"இத சொல்றதுக்குத்தான் நோட்டு வாங்கினேன்," என்றாள் நோலா. "இந்த ஒரு வரிக்காகத்தான். மத்ததெல்லாம் அந்த வரிக்குப் போற ரோடு."

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, வானவில் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அப்போதும் புத்தி வந்ததா என்றால், இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் சுடுகாடு மட்டும் போகும்.

"சரி நோலா, இன்னும் ஒரு வாரம் இருக்கு. அந்த வரிய மறுபடி சேத்துக்கலாம். ஆனா கடைசியில வைக்காம, மொதல்லயே ஒரு சின்னக் குறிப்பு வெச்சு, அப்புறம்..."

"வாய மூடு லெஸ்."

மூடினேன்.

"ஏழு மாசமா ஏழு பேரு கேட்டதையெல்லாம் குடுத்தேன். இப்ப நான் கேக்கறேன். மொதமொத எழுதினதப் படிக்கறேன். நல்லாருக்கு, நல்லால்ல, நீளம், குட்ட, எதுவும் நீ சொல்லக் கூடாது. ஒரே ஒரு கேள்வி. நான் என்ன செஞ்சேன்னு லொரேனுக்குப் புரியுமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துச்சு, எழுந்து போயிடுவேன்."

பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்.

அவள் வாசிக்க வாசிக்க, என் விரல் தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தடவியது. நான்காவது வரி பாதியில் நின்றது. ஓர் இடத்தில் ஸ்டான் யார் என்றே சொல்லாமல் ஸ்டான் வந்தார். சொல்ல வேண்டியது பதினேழு இருந்தது, வரிசையாகத் தொண்டை வரை வந்து நின்றது. கேட்டது ஒன்றே ஒன்று என்பதால், அந்த ஒன்றுக்காக மட்டும் கேட்டேன். அப்போதுதான் அந்த ஒன்பது 'அப்புறம்' எதற்கு என்று தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் அவள் நின்றுவிடுகிறாள். அடுத்ததற்குப் போக அவளுக்கு ஓர் 'அப்புறம்' வேண்டியிருக்கிறது. நெவில் ஒன்பதையும் பிடுங்கிவிட்டார், ஏழாம் பிரதியில் அவள் போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றேன்.

"போதும்," என்று நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான இலக்கிய அபிப்பிராயம் அதுதான். அதுவும் பயமுறுத்தி வாங்கியது.

விழா அன்று நல்ல வெயில். பாலத்தின் இந்தப் பக்கம் கூடாரம் போட்டு, ஒரு பக்கம் இறைச்சிச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வட்டம் இரண்டாவது வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்டது. ரோசலிண்ட் ஏழாம் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார், கூடவே உதடசைத்துப் படிப்பதற்காக. பேரன் மேடையேறும்போது பாட்டுக்கு முன்னாலேயே தாளம் போடுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த முகம்.

நோலா நோட்டோடு மைக் முன்னால் நின்றாள். "தண்ணி மஞ்சளா இருந்துச்சு," என்றாள்.

"இது நம்ம பிரதி இல்லையே!" என்று ரோசலிண்ட் என் விலாவில் இடித்தார். "பதட்டத்துல பழச எடுத்துட்டு வந்துட்டா. யாராவது போயிச் சொல்லுங்க."

"உக்காருங்க," என்றேன். நெவில் விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். ஃபிலிப்பா மூக்கைச் சுருக்கினார்.

முன்வரிசையில் லொரேன் கவுட்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் பின்தலை மட்டுமே தெரிந்தது. நோலா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "அப்புறம் கரையில எண்ணினேன். பதினெட்டு. பத்தொம்போதுன்னு சொன்னேன். திரும்ப அந்தத் தண்ணிக்கு என் காலு போகல." நோட்டை மூடினாள். யாரும் கைதட்டவில்லை. சாசேஜ் சுடுகிறவன்கூட இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றான். இரண்டாவது வரிசைக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லை.

கூடாரத்தில் ரோசலிண்ட் முந்திக்கொண்டார். நேராக லொரேனிடம் போய் அந்தப் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "மன்னிக்கணும் லொரேன். நோலா தவறிப்போய் முடிக்காத பிரதியப் படிச்சுட்டாங்க. இதுதான் சரியானது. நாங்க எல்லாரும் ஏழு மாசம் ஒழைச்சோம்."

லொரேன் வாங்கி, முதல் பக்கத்தில் பாதியும் கடைசிப் பக்கமும் படித்தாள். "இது யாரு சொல்றா?" என்று கேட்டாள்.

"நோலாதான்."

"இல்ல," என்று சொல்லிவிட்டு, உறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நோலாவிடம் போனாள்.

"எண்ணி முடிச்சப்புறம் பஸ்ஸு எவ்ளோ நேரம் நின்னுச்சு?"

"நாலு நிமிஷம்," என்றாள் நோலா. "அஞ்சாக்கூட இருக்கலாம்."

"போயிருந்தா?"

"தெரியாது. போகல."

"இருபத்தஞ்சு வருஷமா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உனக்கு ஜாம் அனுப்பினேன். அதையும் வாங்கித் தின்ன."

"ஒண்ணுகூடத் தின்னல. எல்லாம் கொட்டகையில இருக்கு."

லொரேனின் வாய் கோணியது. அழுகையா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்தப் பக்கத்தக் குடு," என்றாள். நோலா நோட்டிலிருந்து மூன்று தாளையும் கிழித்துக் கொடுத்தாள். "உன்ன மன்னிக்கறேனா இல்லையான்னு இன்னைக்கு என்னக் கேக்காத. அவளுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டேன். நீ சொல்லிட்ட. வேற யாரும் சொல்லல."

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு கையில் பென்சில் தாள்கள், இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை.

"நீங்க பேப்பர்ல இருந்த லெஸ்டர்தான? இதுல பதினெட்டுன்னு இருக்கு, சிவப்பு மையில அடிச்சிருக்கு. அதுல பத்தொம்போதுன்னு இருக்கு. யாரு மாத்துனது?"

'நாங்க' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏழு பேர் ஒளிந்துகொள்ள வசதியான சொல். ரோசலிண்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்," என்றேன்.

"எதுக்கு?"

"கணக்கு ஒத்துப்போகல."

லொரேன் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "அப்ப நீங்களும் எம் பொண்ணு எங்கன்னு பாக்காமலே எண்ணி முடிச்சிட்டீங்க," என்றாள். பிளாஸ்டிக் உறையை என் கையில் கொடுத்துவிட்டு, தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள்.